சமையல்கட்டுக்கு இறங்கிய குளிர்காற்று

மே 5, திங்கள்

அக்னி நட்சத்திரம். காலையிலேயே மொட்டை மாடித் தரையில் கால் வைக்க முடியல. கொடியில் போட்ட படுக்கை விரிப்பெல்லாம் அப்பளம்.

நம்ம லாட்ஜ் விறகு பாய்லர் ஒருவழியா போச்சு. இருந்த இடத்துல சுவர் பூரா கரி. இனி பின்பக்க ரூம்காரங்க கண்ணக் கசக்கிக்கிட்டு கவுண்டருக்கு வர மாட்டாங்க.

புது மெஷின் லாரியில் வந்தது. ஹீட் பம்ப்னு பேர். பார்க்க பெரிய ஏ.சி. பெட்டி மாதிரி. மாடிப்படி உச்சியில, ஷீட் போட்ட நிழல்ல வெச்சாங்க. பக்கத்துல தண்ணி டேங்க், கம்பளி போர்த்தின மாதிரி. மாட்ட வந்த இன்ஜினியர் பேர் அன்வர், ஆற்காட்டுக்காரர். ரூம் நெ. 3 கொடுத்திருக்கு.

என் வீட்டுக்காரர் சந்தேகத்தோட மெஷினைச் சுத்திச் சுத்தி வந்தார். "இதுக்கு விறகும் வேணாம், டீசலும் வேணாம்ன்றீங்க. அப்ப சூடு எங்கேர்ந்து வரும்?"

அன்வர் கைய மேல தூக்கிக் காட்டினார். "இதோ, இந்தக் காத்துலேர்ந்து சார். காத்துல இருக்கிற சூட்ட உறிஞ்சி தண்ணிக்குக் குடுத்துடும். கரண்ட் கொஞ்சம்தான். கீசர் தின்றதுல பாதி கூட இல்ல."

"காஞ்சிபுரத்துல சூட்டுக்கா பஞ்சம்?"னு நான் சொன்னேன். அன்வர் சிரிச்சார். இவர் சிரிக்கல.

வாங்க வேண்டியது: சோப்பு டப்பா, தலையணை உறை, ஊதுபத்தி, முட்டிக்குத் தைலம்.

மே 7, புதன்

மெஷின் ஓடிச்சு. உர்ர்னு ஒரே சுருதியில, தூரத்துல யாரோ தூங்குற மாதிரி.

ரூம் நெ. 7-ல சேலத்துக் கல்யாண பார்ட்டி, முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவங்க. குழாயைத் திறந்ததும் கத்தல். "ஐயோ கொதிக்குது, பார்த்துடி!" இவர் முகத்துல அப்பத்தான் வெளிச்சம்.

எனக்கு ஆச்சரியம் வேற. மெஷின் ஒரு பக்கம் தண்ணியச் சூடாக்குது, மறுபக்கம் ஜில்லுனு காத்து விடுது. மார்கழி விடியக்காலைல கோயிலுக்குப் போனா முகத்துல படுமே, அந்தக் காத்து. மே மாசத்துல, மொட்டை மாடியில! விரிப்பு எடுக்கப் போனவ அங்கேயே உக்காந்துட்டேன். ஒரு நிமிஷம்னு நெனச்சேன். தூங்கிட்டேன் போல.

கனவு. ஏகாம்பரநாதர் கோயில் பிராகாரம். ஆள் யாரும் இல்ல. கல்தரையில ஈரக் கால்தடம் மட்டும் முன்னால போய்க்கிட்டே இருக்கு. யார் தடம்னு எனக்குத் தெரியும். நடையை எட்டிப் போடறேன், எட்டல.

அன்வர் குரல் கேட்டு முழிச்சேன். "அம்மா, கீழ இருக்கிற ஹோட்டலும் உங்களுதா?"

என்ன சொல்ல? கட்டடம் மாமனார் கட்டினது. மேல லாட்ஜ், கீழ சாப்பாட்டு ஹோட்டல். இவர் பெரியவர், சண்முகம் சின்னவர். அண்ணனுக்கு என்னைக் கட்டினாங்க, தம்பிக்கு என் தங்கச்சி கோமதிய. ஒரே மேடை, ஒரே நாள். மாமனார் போனதும் போர்டுல யார் பேர் முதல்ல வரணும்னு பேச்சு வந்துச்சு. பேச்சு முத்திப் பாகம் பிரிஞ்சுது. மேல இவருக்கு, கீழ தம்பிக்கு. நடுவுல இருந்த வழியெல்லாம் அடைச்சாச்சு. அண்ணன் தம்பி பேசறதில்ல. அதனால அக்கா தங்கச்சியும் பேசறதில்ல. எங்களுக்குள்ள சண்டையே கிடையாது. அதுதான் விசித்திரம். சண்டை இருந்தா சமாதானம் பண்ணிக்கலாம்.

அன்வர்கிட்ட இவ்வளவும் சொல்லல. "என் கொழுந்தனாருது"ன்னு மட்டும் சொன்னேன்.

மே 8, வியாழன்

வெயில் நேத்தை விட. நுங்கு வாங்கினேன், பாதி முத்தல்.

அன்வருக்கு மனசு ஆறல. "இவ்ளோ குளிர் காத்து வீணா வானத்துக்குப் போகுதே சார். பேஜாரா இருக்குது. தகரத்துல குழாய் மாதிரி ஒரு டக்ட் போட்டுக் கீழ விட்டுடலாம்."

இவர் கண் விரிஞ்சுது. "நம்ம கவுண்டருக்கு விடு."

"கவுண்டர் தூரம் சார், வளைஞ்சு வளைஞ்சு போறதுக்குள்ள குளிரு போயிடும். ஆனா இங்கேர்ந்து நேர் கீழ ஒரு கூண்டு இருக்குதே, செங்கல் வெச்சு அடைச்சது? அது எங்க போகுது?"

அது பழைய சாப்பாட்டுக் கூண்டு. ஒண்ணா இருந்தப்ப கீழ சமைச்சது கயித்துப் பெட்டியில மேல வரும். நேரா சமையல்கட்டுல போய் இறங்கும். அவங்க சமையல்கட்டு.

இவர் உடனே, "வானத்துக்கு விட்டாலும் விடுவேன். அவன் அடுப்படிக்கு விடமாட்டேன்."

அன்வர் என்னைப் பார்த்தார். நான் விரிப்பு மடிக்கற மாதிரி இருந்துட்டேன்.

மே 10, சனி

துணி வெளுக்கற குப்பம்மா மூட்டைய இறக்கி வெச்சதும் கேட்டா: "இன்னாமா, உன் தங்கச்சி இப்ப எப்படி இருக்குது?"

"ஏன், என்ன?"

"உனக்குத் தெரியாதா? போன வாரம் அடுப்பாண்ட மயங்கி வுழுந்துச்சே. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய் பாட்டில் ஏத்தினாங்களே. சூடு தாங்கலியாம்மா. பிரஷர் வேற."

தெரியாது. அன்னிக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன்? கீழ பாத்திரம் உருண்ட சத்தம் ஒண்ணு கேட்டதா ஞாபகம். இல்ல, இப்பத்தான் அப்படித் தோணுதா?

சாப்பாடு இறங்கல. மோர் மட்டும்.

மதியம் மெஷின் பக்கத்துல நின்னேன். காத்து புடவையத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. கைய நீட்டினா விரல் நுனி மரத்துப் போகுது. இது வானத்துக்குப் போகுது. மூணு மாடிக்குக் கீழ அவ.

மே 11, ஞாயிறு

சொல்லிட்டேன்.

காலைக் காபி. இவர் பேப்பர். அன்வர் கரண்ட் மீட்டரைப் பார்த்துக்கிட்டிருந்தார். நான் போய் நின்னு, "அன்வர் தம்பி, அந்தக் கூண்டைத் திறந்துடுங்க. காத்து கீழ போகட்டும்"னேன்.

இவர் பேப்பரை இறக்கினார். "என்ன சொன்ன?"

"கோமதி மயங்கி விழுந்தாளாம். எனக்குக் குப்பம்மா சொல்லித் தெரியுது."

கோபம் வரும்னு காத்திருந்தேன். வரல. செருப்பை மாட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டார். வேணாம்னு சொல்லல. அது போதும்.

கீழயும் சம்மதிக்கணுமே. அன்வரே போனார். திரும்பி வந்தப்ப முகத்துல பாதி சிரிப்பு.

"உங்க கொழுந்தனார் 'எங்களுக்கு எவன் காத்தும் வேணாம்'னுட்டார்மா. நான் படி ஏறப் போனேன். உள்ளேர்ந்து அந்தம்மா குரல் வந்துச்சு. 'காத்து என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா? தொறக்கச் சொல்லுங்க'ன்னாங்க."

நான் முந்தானையால வாயை மூடிக்கிட்டேன். கோமதியேதான்.

மே 12, திங்கள்

செங்கல் உடைச்சாங்க. தூசி. தூசி அடங்கினதும் உள்ளேர்ந்து வாசனை ஏறி வந்தது. மிளகு, சீரகம், சுக்கு, நெய். காஞ்சிபுரம் இட்லி வேகுது. வாசல் வழியா தெருவுக்குப் போற வாசனை வேற, இது வேற. இது நேரா வருது.

தகர டக்ட் வெச்சு இறக்கினாங்க. மாலைக்குள்ள முடிஞ்சுது. அன்வர் மெஷினைப் போட்டுட்டுக் கீழ ஓடினார். நான் டக்ட் பக்கத்துல தனியா.

அப்ப கேட்டுச்சு. தகரத்துக்குள்ளேர்ந்து, ஆத்துக்கு அக்கரையில பேசற மாதிரி.

"யாருப்பா சாம்பார்ல இவ்ளோ உப்பு அள்ளிப் போட்டது? கை என்ன தும்பிக்கையா?"

எத்தனை வருஷம் ஆச்சு இந்தக் குரலை இவ்வளவு கிட்டக் கேட்டு. கொஞ்சம் தடிச்சிருக்கு. அடுத்தாப்புல ஒரு ஹா. நீளமா, யாரோ முதுகுல தண்ணி ஊத்தின மாதிரி. "அய்யோ... இன்னா ஜில்லுனு இருக்குது!"

நான் தகரத்துல கை வெச்சேன். அதுவும் ஜில்.

மே 15, வியாழன்

மதியம் வேலை முடிஞ்சா மேலதான். முதுகை டக்ட்டுல சாய்ச்சா முட்டிவலி கூட மறக்குது. மெஷின் ஓடினா குரல் மிதந்து மிதந்து வரும், பாதி வார்த்தை காத்துல போயிடும். டேங்க் சூடாகி மெஷின் நின்னா, காதுக்குள்ள பேசற மாதிரி.

இன்னிக்குக் கேட்டது:
"நாலு சாப்பாடு பார்சல், ரசம் தனியா."
"அந்த வெண்டக்காய ஒடிச்சி பார்த்து வாங்குனியா, கண்ண மூடிக்கினு வாங்குனியா?"
அப்புறம் முணுமுணுப்பா ஒரு பாட்டு. வார்த்தை இல்ல. குழந்தையில அவ நூல் சுத்தும்போது முணுமுணுக்கறது. அதே இடத்துல சுருதி தப்புது.

தூக்கம். கனவுல பட்டு நூல், அரக்குச் சிவப்பு. மேலேர்ந்து கீழ தொங்குது. அறுந்ததா இல்லையான்னு தெரியல. இழுத்துப் பார்க்கப் பயம். இழுக்கல.

கருட சேவைக்கு ரூம் கேட்டு ஃபோன் மேல ஃபோன். எல்லாரும் கேட்கற முதல் கேள்வி, "வெந்நீர் வருமா?" வரும்.

மே 17, சனி

கேட்டிருக்கக் கூடாது.

மெஷின் நின்னிருந்த நேரம். கோமதி செல்ஃபோன்ல. எதிர்ப்பக்கம் அவ பொண்ணு தேன்மொழி, பெங்களூர்ல இருக்கா.

"ஆமாம்மா, ஆடி கழிஞ்சதும் வந்துடறோம். இல்லடி, திரும்பியெல்லாம் இல்ல. ஹோட்டல விட்டுடறாராம் உங்கப்பா. செல்ஃபோன் கடைக்காரன் கேக்கறான், பேசியாச்சு. டாக்டர்தான் அடுப்புப் பக்கமே போவாதன்னுட்டாரே... இல்லல்ல, இப்ப பரவால்ல. இப்ப மேலேர்ந்து காத்து வருது."

அப்புறம்: "அக்காகிட்டயா? எப்படிடி சொல்றது."

மெஷின் ஓட ஆரம்பிச்சுடுச்சு. மிச்சத்தைக் காத்து எடுத்துட்டுப் போச்சு.

ஒரே கட்டடத்துல இருந்தும் பேசல. இப்ப போறாளாம். பேசாம இருந்தப்பக் கூட அவ கீழதான் இருந்தா. அது எனக்குப் போதுமா இருந்திருக்கு. இன்னிக்குத்தான் தெரியுது.

விரிப்பு எண்ணாமயே கட்டி வெச்சுட்டேன்.

மே 19, திங்கள்

இவர்கிட்ட சொன்னேன். "உங்க தம்பி ஹோட்டலை விட்டுட்டுப் பெங்களூர் போறாராம்."

சாவிக்கொத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தார். துடைச்ச சாவியையே திரும்பத் துடைச்சார். "யாரு சொன்னது?"

"காத்துல வந்துச்சு."

சாப்பிடும்போது திடீர்னு, "செல்ஃபோன் கடையா? அப்பா கட்டின அடுப்படியிலயா?"ன்னார். யாரைக் கேட்டார்னு தெரியல. நான் குழம்பு ஊத்தினேன்.

மே 20, செவ்வாய்

மதியம் மேல போனா என் இடத்துல ஆள். இவர். பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்து, தலைய டக்ட்டுல சாய்ச்சு, கண்ண மூடிக்கிட்டு. மெஷின் நின்னிருந்தது. கீழ சண்முகம் இருமினார். வறட்டு இருமல், விடாம. கடைசியில கனைப்பு.

இவர் கண் திறக்காமலே, "இன்னும் புகைக்கிறான் போலிருக்குது"ன்னார். நான் இருக்கிறது தெரியுமான்னு தெரியல. மெதுவா இறங்கி வந்துட்டேன்.

மே 21, புதன்

எழுத்து கோணல்.

மதியம் கரண்ட் போச்சு. மெஷின் நின்னுது, ஊரே நின்னுது. பக்கத்துத் தெருக் கைத்தறிச் சத்தம் மட்டும் தடக் தடக்னு. நான் அரைத் தூக்கத்துல டக்ட்டுல சாஞ்சிருந்தேன்.

"அக்கா."

கனவுன்னு நெனச்சேன். இப்பல்லாம் கனவுலதானே கூப்பிடறா.

"அக்கா, முழிச்சிக்கினியா? குறட்டைய காணோம்."

தூக்கிவாரிப் போட்டுது.

"தினம் மதியம் நீ வுடற குறட்டை சமையல்கட்டு பூரா கேக்குது. பரிமாற பசங்கல்லாம் சிரிக்குதுங்க. 'மேல அம்மா தூங்குறாங்க, பாத்திரத்தை மெதுவா வையுங்கடா'ன்னு நான்தான் அதட்டி வெச்சிருக்கேன்."

நான் கேட்டுக்கிட்டிருக்கேன்னு நெனச்ச நாளெல்லாம் அவளும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. என் வாயில முதல்ல வந்தது, "நான் ஒண்ணும் குறட்டை விடல"ங்கறதுதான்.

தகரம் பூரா அவ சிரிப்பு.

சிரிப்பு ஓய்ஞ்சதும் கேட்டேன். "போறியாமே."

"ம்."

"என்கிட்ட சொல்லாமலா?"

"உன்கிட்ட சொல்லிட்டா போக முடியாதுக்கா."

அதுக்கு மேல இங்க உக்காந்து பேச முடியுமா? இறங்கினேன். எங்க படி, நடை, தெரு, அவங்க பின்வாசல். இத்தனை சின்ன தூரம். வாசல்ல சண்முகம் எழுந்து நின்னார். "வாங்கண்ணி"ன்னார், அவ்வளவுதான். ஒதுங்கி வழி விட்டார்.

கோமதி அடுப்புப் பக்கத்துல. தலை பாதி நரைச்சிருக்கு. இளைச்சுட்டா. ரெண்டு பேரும் கட்டிக்கல, அழல. அவ கைய என் புடவையில துடைச்சுட்டா, அவ்வளவுதான். சின்ன வயசுல செய்யற அதே வேலை.

மே 22, வியாழன்

காலையிலயும் போனேன். கரண்ட் இருந்தது. சுவர்க் கம்பி வழியா காத்து இறங்கி அவ முன்நெத்தி முடியைத் தள்ளிக்கிட்டே இருந்துச்சு. ஆறு அடுப்பு எரியுது, அவ நெத்தியில ஒரு சொட்டு வேர்வை இல்ல.

"அப்ப எதுக்குப் போறே? இப்பதான் சூடு இல்லியே"ன்னேன்.

"தேனுக்கு ஆவணியில பிரசவம்க்கா. அதுக்குப் போயே ஆகணும்."

"அது போ. பிரசவம் பார்த்துட்டு வா."

கரண்டியால கிண்டிக்கிட்டே இருந்தா. "அதுக்குள்ள கடை கைமாறிடும். அவரு வாக்குக் குடுத்துட்டாரு."

இட்லி குடுத்தா. மந்தாரை இலையோட. நின்னுக்கிட்டே தின்னேன்.

மே 24, சனி

அன்வர் கடைசிச் செக்கிங்குக்கு வந்தார். சமையல்கட்டு டக்ட்டோட மூடியை எப்படித் திறக்கறதுன்னு சண்முகத்துக்குக் காட்டணுமாம். மேலேர்ந்து காட்டினாதான் புரியும்னு இழுத்துக்கிட்டு வந்துட்டார். மொட்டை மாடியில அண்ணனும் தம்பியும். நடுவுல மெஷின்.

ரெண்டு பேரும் அன்வரைப் பார்த்தே பேசினாங்க.

"அவர்கிட்ட கேளுங்க சார், ராத்திரியில காத்து நிறுத்த முடியுமான்னு. மாவு புளிக்க மாட்டேங்குது."

"ஏம்பா, மாவை இந்த டேங்க் பக்கத்துல வெச்சா நல்லா பொங்குமேன்னு சொல்லு அவங்கிட்ட."

அன்வர் இப்படி ஒரு தரம் திரும்பினார், அப்படி ஒரு தரம் திரும்பினார். கடைசியில ஸ்பானரைக் கீழ போட்டுட்டு, "சார், எனக்குக் கழுத்து வலிக்குது. நீங்களே பேசிக்குங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்"ன்னு இறங்கிப் போயிட்டார்.

நான் கொடிக்குப் பின்னால. விரிப்பு காத்துல ஆடும்போது அவங்க தெரிவாங்க, மறைவாங்க. திரைக்குப் பின்னால நடக்கற மாதிரி எல்லாம்.

இவர்தான் முதல்ல. "அந்தக் கடைக்காரன்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டியா?"

"இன்னும் இல்லண்ணா."

"வாங்காத."

"அப்புறம் யாரு பார்த்துக்கிறது? கோமதி பெங்களூரு போயிடறா. நானும் போவணும்."

விரிப்பு மறைச்சுடுச்சு. விலகினப்ப இவர் என் பக்கமே கைய நீட்டிக்கிட்டிருந்தார். "இதோ நிக்கிறாளே. திரும்பி வர வரைக்கும் இவ பார்த்துப்பா."

என்னைக் கேட்கவே இல்ல. என்னைக்குக் கேட்டிருக்கார்? ஆனா கோபம் வரல. விரிப்பை முகத்தோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டேன்.

சண்முகம் மெஷினைத் தட்டிப் பார்த்தார். "போர்டுல யாரு பேரு"ன்னு ஆரம்பிச்சார். இவர், "போர்டு கிடக்குது, விடு"ன்னார்.

மே 26, திங்கள்

கொஞ்சம் மேகம். மழை வராது.

நேத்துலேர்ந்து சமையல் பாடம். மிளகை எப்ப உடைக்கணும், நெய் எப்ப ஊத்தணும். என் முதல் ஈடு கல். கோமதி தின்னு பார்த்துட்டு, "கட்டடம் கட்டலாம்க்கா"ன்னா. பசங்க சிரிச்சாங்க. நானும்.

மாவுக் குண்டான் இப்ப மேல. டேங்க் ஓரத்துக் கதகதப்புல வேட்டி போட்டு மூடி வெச்சிருக்கு. கயித்துப் பெட்டி இல்லாததால பசங்க தோள்ல தூக்கிட்டு வராங்க, குறை சொல்லிக்கிட்டே.

ஆடி கழிய இன்னும் நாள் இருக்கு. அப்புறம் அவ போவா, போகணும்தான். திரும்பி வரப்ப குழந்தையத் தூக்கிக்கிட்டு வருவாளாம், தேனு சம்மதிச்சா. பார்க்கலாம்.

இப்ப டக்ட்டுல சாஞ்சுதான் எழுதறேன். கீழ அவ குரல் இல்ல. எங்க போனான்னு யோசிக்கறதுக்குள்ள படியில சத்தம். மாவு பார்க்க அவளே ஏறி வரா. பாகம் பிரிஞ்சதுக்கப்புறம் இந்தப் படியில அவ கால் வைக்கறது இதான் முதல். டாக்டர் படி ஏறலாம்னாரான்னு கேட்கவே இல்லியே நான்.

பாதியில நின்னுட்டா. மூச்சு வாங்குது.

"அக்கா, ஒரு கை குடு."